பம்புக்குக் கரண்ட் வரவில்லை

அப்பாவின் காரை நான்தான் கெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் ஏதோ பெரிய ரகசியத்தைக் கட்டிக் காத்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சாமர்த்தியம் எனக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய், சுரங்கத்தோடு சுரங்கமாகவே ஆகிப்போன குடும்பம் எங்களுடையது. நைனா அங்கே எலெக்ட்ரீஷியன். அதிலும் பம்பு எலெக்ட்ரீஷியன். பூமிக்கு அடியில் ஊறும் தண்ணீரை ராத்திரி பகலென்று பாராமல் மேலே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு நின்றால் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் கீழே இருக்கிறவர்கள் ஓடி வர வேண்டும். ஓட முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவர் வீட்டில் பேச மாட்டார். மற்றபடி பம்புகளைப் பற்றி அவர் பேசியதில் கால்வாசியாவது என்னைப் பற்றிப் பேசியிருந்தால் என் படிப்பு இன்னும் கொஞ்சம் உருப்பட்டிருக்கும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. லைனில் கை வைக்கப் போகிறவர் முதலில் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கழற்றிய இடத்தில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார். ‘லைனில் ஆள் இருக்கிறது’ என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் பியூஸை எடுத்தவரேதான் வந்து, தன் பையிலிருந்து எடுத்து, தன் கையாலேயே போட வேண்டும். போடுவதற்கு முன்னால், “எல்லாரும் மேல வந்தாச்சா?” என்று சத்தமாகக் கேட்க வேண்டும். “வந்தாச்சு” என்று பதில் வந்த பிறகுதான் கரண்ட். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்று கத்தினாலும் இன்னொருவர் இன்னொரு பியூஸைப் போடக் கூடாது. ஒரு தடவை ஒருவர் அவசரப்பட்டுப் போட்டுவிட்டார். லைனில் இருந்தவரை மேலே தூக்கி வந்த நாலு பேரில் நைனாவும் ஒருவர். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

வீட்டிலும் அதே சட்டம்தான். ஒரு பல்பு மாட்டுவதற்குக்கூட மெயின் பியூஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் அப்படியே மறந்து, பியூஸோடு ஷிப்டுக்குப் போய்விட்டார். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் ஒன்று இருக்கிறது, போட்டுத் தருகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். “எடுத்தவரு வந்து போடட்டும்” என்று சொல்லிவிட்டு, விளக்கு வைத்து எங்களுக்குச் சோறு போட்டாள். நைனா வந்து பையைத் தொட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதும், அம்மா சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது குறைவு.

சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தோம். ஆஸ்டின் டவுனில் ஒரு கீழ் வீடு. நைனா அடுக்குமாடிக் கட்டடங்களில் வயரிங் வேலைக்குப் போனார். எனக்குப் பீன்யாவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மெஷினிலிருந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கி வைக்கும் பிரிவு. எனக்குக் கல்யாணம் நடந்தது, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனது. நான் திரும்பி வந்த நாளில் நைனா உள் அறையில் எனக்கென்று தனியாக ஒரு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தார். அம்மா போன பிறகு வீட்டில் அவரும் நானும்தான்.

கார் அவருடைய ஒரே ஆடம்பரம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைத்து, என்னை உட்கார வைத்துச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருவார். சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்பார். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்பு ‘ஊம்’ என்று ரெண்டு விநாடி ஓடி நிற்கும். “பம்பு ஓடிச்சு, போலாம்” என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் ஒவ்வொரு தடவையும் கண்ணை உருட்டுவேன்.

மறதி மெதுவாகத்தான் வந்தது. முதலில் கண்ணாடி, பிறகு கிழமை, பிறகு அம்மா இல்லை என்பது. ஒரு நாள் மதியம் நான் வேலையிலிருந்து திரும்பும்போது வாசலில் கார் இல்லை. சாயங்காலம் கோலார் போகிற ரோட்டில் இருக்கும் ஹொஸ்கோட்டேயிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் போன் செய்தார். சட்டைப் பையில் என் நம்பர் எழுதிய சீட்டு இருந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது நைனா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ரோடு மாறிவிட்டது என்று என்னிடமே புகார் சொன்னார். அவருடைய சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்தது இன்னும் மோசம். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பூக்கார அம்மா தள்ளுவண்டி போட்டிருக்கும். நைனா காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். தள்ளுவண்டி சரிந்து, மல்லியும் கனகாம்பரமும் தெரு முழுக்கக் கிடந்தன. பூக்கார அம்மா ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்ததால் பிழைத்தது. நைனா இறங்கி வந்து, “ஆள் இருக்குதா, ஆள் இருக்குதா” என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து, “நா இங்க கீறேன் பெரியவரே, ஒண்ணும் ஆவல” என்று சொன்னது. மறுநாள் காலையில் நைனாவுக்கு அது எதுவுமே ஞாபகமில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் இனிமேல் ஓட்டவே கூடாது என்றார். சொல்வது சுலபம். நான் சாவியை ஒளித்து வைத்தேன். அவர் அலமாரியை எல்லாம் கவிழ்த்துக் கொட்டினார். வீட்டுக்குள் திருடன் வந்துவிட்டான் என்றார். ஒரு நாள் அந்தத் திருடன் நான்தான் என்று கண்டுபிடித்து, “எம் பொண்ணா இப்டி பண்ற?” என்று கேட்டுவிட்டு அழுதார். முப்பது வருஷம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தபோதுகூட அழாத ஆள் அவர். சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு நானும் அழுதேன். கொடுத்த பிறகு காரை எடுத்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

நாலு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருக்கிறார். எங்கள் காரைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். வீட்டில் உருது, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டா? சாவி புடுங்குனா மனுசனுக்குக் கோவம் வரும். வண்டியே ஓடலன்னா யார் மேல கோவப்படுவாரு? வண்டி மேலதான்.”

மறுநாள் நான் லீவு போட்டேன்; நைனா தூங்கும் மதிய நேரத்தில் மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்து, பியூஸ் பெட்டியிலிருந்து தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு டப்பாவைப் பிடுங்கினார். பம்பு ரிலே. சாவியைத் திருப்பினால் பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சாமான் அது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, அதே மாதிரிப் பழைய ரிலே ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய செப்புக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் ஒரு வெட்டு வெட்டி, மூடியை ஒட்டி, அந்த இடத்தில் செருகினார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பம்புக்கு மட்டும் கரண்ட் போகாது. நல்ல ரிலேயை நான் என் ஹேண்ட்பேகின் உள் ஜிப்பில் வைத்தேன். வீட்டில் வைத்தால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று தினமும் அதைப் பீன்யாவுக்கும் வீட்டுக்குமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

நான் செய்த முட்டாள்தனம் என்னவென்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் கார் ரிப்பேர் என்றதும் விட்டிருப்பார். நான் கரண்ட் வராத பம்பைக் கொண்டுபோய், யாரிடம் கொடுத்திருக்கிறேன்?

நான் வேலை முடிந்து மூன்றரைக்கு வந்தபோது நைனா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பழைய தகரப் பெட்டி திறந்திருந்தது. டெஸ்ட் லாம்ப் கழுத்தில் மாலையாகத் தொங்கியது. ஒரு சின்ன பல்பு, இரண்டு பக்கமும் வயர், அவ்வளவுதான்; கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்தால் எரியும்.

“பம்பு ஓடல மா. கரண்ட் வரல. சாவி திருப்பு.”

திருப்பினேன். அவர் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டார்.

“பாத்தியா? சத்தமே இல்ல. இன்னொரு தபா திருப்பு.”

அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. கண்ணில் ஒரு கூர்மை. என் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், கிழமையைக் கேட்டார், ஷேவ் செய்துகொண்டார். கார் ஓடாமல் போனதில் என் நைனா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். இதற்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் பட்டேன்.

ஆனால் ராத்திரி தூங்கி எழுந்தால் முந்தின நாள் செய்தது எதுவும் அவரிடம் இருக்காது. காலையில் மறுபடி பேட்டரியிலிருந்து ஆரம்பிப்பார். நாலைந்து நாள் கழித்து அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாள்களைச் சேர்த்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ‘பேட்டரி சரி. பார்த்தாச்சு.’ ‘பியூஸ் சரி. பார்த்தாச்சு. திரும்பப் பார்க்காதே.’ தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டி டேஷ்போர்டில் வைத்தார். காலையில் எழுந்ததும் அதைப் படிப்பார். யாரோ முந்தின ஷிப்டுக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டே படிப்பார்.

பின்சீட்டைக் கழற்றினார். அடியில் வட்ட மூடியைத் திறந்து, பம்புக்குப் போகும் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்பை வைத்தார். நான் சாவியைத் திருப்பினேன். பல்பு எரியவில்லை. எரியாது என்று எனக்குத் தெரியும். எரியாத பல்பை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்ட்பேக் என் மடியில் இருந்தது.

இன்னொரு நாள் பேட்டரியிலிருந்து நீளமாக ஒரு வயரை இழுத்து வந்து நேரே பம்பில் தொட்டார். பம்பு ‘ஊம்’ என்று ஓடியது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உசுரோட கீது மா. பம்பு நல்லாதான் கீது. அதுக்குக் கரண்ட்தான் வந்து சேரல.” அன்றைய தாளில் பெரிய எழுத்தில் எழுதினார். ‘பம்பு நல்லது. எர்த் நல்லது. நடுவில் எங்கோ.’

இரண்டாவது வாரக் கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்குக் கம்பெனியில் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்து, எல்லார் மேலும் எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தேன். இருபதாவது தடவையாகச் சாவியைத் திருப்பச் சொன்னதும், “சரியாவாது நைனா, விட்டுத் தொலையேன்! எவ்ளோ நாள் இப்டி என் உசுர எடுப்ப?” என்று கத்திவிட்டேன். எதிரே பூக்கார அம்மா கட்டிக்கொண்டிருந்த பூவை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

நைனாவுக்குக் கோபம் வரவில்லை. காரிலிருந்து மெதுவாக இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கரண்ட் தொலஞ்சி போவாது மா. எங்கியோ நின்னுனு கீது. எங்க நிக்குதுன்னு பாத்தா போதும்.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “பம்பு நின்னுச்சுனா விட முடியாது இல்ல? கீழ ஆள் இருக்குது” என்றார்.

நான் உள்ளே போய்விட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டாலும் காலையில் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் மறந்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் டேஷ்போர்டில் இருந்த தாளில் இப்படி எழுதியிருந்தது: ‘பியூஸ் பெட்டியிலிருந்து பம்புவரை வயர் சரி. நாளைக்கு ரிலே.’

ரிலேயைக் கழற்றினால் முடிந்தது. உள்ளே கம்பி கருகியிருந்தால் தானாகக் கெட்டது. சுத்தமாக வெட்டியிருந்தால் அது ஆள் வேலை. இது தெரியாதவரா அவர்? நல்ல ரிலேயைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். போட்டால் கார் ஓடும், அவர் ஓட்டுவார், எதிரே பூக்கார அம்மா உட்கார்ந்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டால் நாளைக்கு மறுபடி பேட்டரியிலிருந்து ஆரம்பிப்பார் என்ற யோசனையும் வந்தது. கையில் எடுத்தும்விட்டேன். அவருடைய எழுத்தைப் பார்த்ததும் கிழிக்க மனம் வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலக் கம்பெனி பஸ் ஏறிப் போனேன். அன்றைக்கு நான் ஒதுக்கி வைத்த சாமான்களில் பாதி நல்ல சாமான் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார்.

மூன்றரைக்குத் தெருமுனையில் திரும்பும்போதே பார்த்தேன். பானெட் மூடியிருந்தது. பின்சீட் அதன் இடத்தில் இருந்தது. வாசலில் தகரப் பெட்டியைக் காணோம். நைனா குளித்து, சலவைச் சட்டை போட்டு, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டெஸ்ட் லாம்பின் வயரைச் சுற்றிக் கட்டி, பெட்டியில் வைத்து மூடியிருந்தார்.

“வந்துட்டியா? உக்காரு. டீ போட்டுத் தரேன்.”

அடுப்புப் பக்கம் அவரை நான் விடுவதே இல்லை. அன்றைக்குத் தடுக்கத் தைரியம் வரவில்லை. பக்கத்திலேயே நின்றேன். டீயில் சர்க்கரை இரண்டு தடவை போட்டார். என் கையில் கொடுத்துவிட்டு, ஹேண்ட்பேகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் மேல வந்தாச்சா?”

மறுபடி சுரங்கத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த களைப்பில், “எனக்கு இன்னா தெரியும் நைனா” என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

கார் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காலண்டர் தாள்கள் டேஷ்போர்டில் இல்லை. மறுநாள் எழுந்து அவர் தகரப் பெட்டியைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் திறக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் கண்ணில் இருந்த கூர்மையும் போய்விட்டது. கிழமை கேட்பதை நிறுத்தினார். என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். காரைப் பழுது பார்த்துக்கொண்டாவது இருந்திருக்கலாமே என்று எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

ஒன்றரை வருஷம் அப்படி இருந்தார். போன கோடையில் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. பூக்கார அம்மா மாலை கட்டிக் கொடுத்தது.

வாசலில் கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது. மேலே தூசு, டயரில் காற்று இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வருவது முடியவில்லை. விற்றுவிடலாம் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஒரு மத்தியானம் வந்தார். காற்று அடித்தார், வேறு பேட்டரி மாட்டினார். “ரிலே வச்சிருக்கீங்களா அக்கா?” என்றார். ஹேண்ட்பேகின் உள் ஜிப்பைத் திறந்தேன். அங்கேயேதான் இருந்தது. பேகை மாற்றியபோதுகூட அதையும் மாற்றி வைத்திருக்கிறேன்.

அவர் பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார்.

“அக்கா. இங்க வாங்க.”

பம்பு ரிலே இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்குப் பதிலாக, ஒரு பால் கவருக்குள் மடித்து வைத்த காலண்டர் தாள், செப்புக் கம்பியால் அந்த இடத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அதே கவருக்குள் வெட்டிய ரிலேயும் இருந்தது, மூடி கழற்றி, கம்பி வெட்டின இடம் தெரிகிற மாதிரி.

தாளை நான்தான் பிரித்து, வாய்விட்டுப் படித்தேன். நைனாவின் எழுத்து.

‘லைனில் ஆள் இருக்கிறது. ரிலே என் மகளிடம். அவள் வந்து போடும்வரை யாரும் போடக் கூடாது. நானும் போடக் கூடாது.’

அதற்குக் கீழே கையெழுத்துகள். எல்லாம் அவருடையதுதான். முதல் கையெழுத்து முழுசாக, அடியில் கோடு போட்டு இருந்தது. அடுத்தது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதற்கு அடுத்ததில் கடைசி எழுத்து இல்லை. பதினான்கு எண்ணினேன். கடைசி மூன்றைக் கையெழுத்து என்று சொல்ல முடியாது. ஒன்று முதல் எழுத்து மட்டும். இரண்டு வெறும் கோடு.

பூக்கார அம்மா தெருவைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றது. “நீ வேலைக்குப் போனப்பறம் வருவாரு மா. பானெட்டத் தெறப்பாரு. எதையோ எடுத்துப் படிப்பாரு. என்னாண்ட பேனா வாங்குவாரு. எழுதுவாரு, மூடிட்டுப் போயிடுவாரு. வண்டியத் தொட மாட்டாரேன்னுதான் உங்கிட்ட சொல்லல.”

மெக்கானிக் பக்கத்தில் இருந்த இன்னொரு கறுப்பு டப்பாவைத் தொட்டுக் காட்டினார். “இது ஹாரன் ரிலே அக்கா. ரெண்டும் ஒண்ணுதான். இதப் புடுங்கி அங்க வச்சா வண்டி கெளம்பிரும். ஒரு நிமிசம் ஆவாது. அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?”

தெரியும். அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் மறந்துபோய், கார் ஏன் ஓடவில்லை என்று பார்க்க வந்து, மூடியைத் திறந்து, தன் கையால் தனக்கே எழுதி வைத்ததைப் படித்து, கீழ்ப்படிந்திருக்கிறார். பதினான்கு தடவை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்; வெட்டிய கம்பியைப் பார்த்ததும் யார் வேலை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. நான் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு பையில் சுமந்த சாமானை, அவர் வழக்கப்படி நான் எடுத்து வைத்துக்கொண்டதாக எழுதி வைத்துவிட்டார். என் மேல் ஒரு வார்த்தைகூடப் பழி போடவில்லை. அன்றைக்கு டீ கொடுத்துவிட்டு அவர் கேட்டது சுரங்கத்தைப் பற்றி இல்லை; ரிலேயை எடுத்தவளிடமிருந்து ஒரு பதில்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

மெக்கானிக் ரிலேக்காகக் கையை நீட்டினார். பிறகு தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். தமிழ் படிக்கத் தெரியாதவர்தான். நான் வாசித்ததைக் கேட்டிருந்தார்.

“நீங்களே போடுங்க அக்கா.”

போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கேட்டேன். “எல்லாரும் மேல வந்தாச்சா?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ரிலேயை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். பின்சீட்டுக்கு அடியில் பம்பு ரெண்டு விநாடி ஓடி நின்றது.

அதற்கு மேல் என்னால் ஸ்டார்ட் பண்ண முடியவில்லை. சாவியைப் பிடித்தபடியே அழுதேன்.